லாபம் எப்படி வந்தது?



இன்று பட்டம் பெறும் உங்களில் கணிசமானவர்கள் முப்பது, நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கோ, பவுண்டரிக்கோ, பனியன் கம்பெனிக்கோதான் போவீர்கள். முதலில் அவர்களிடம் பேசுகிறேன்.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவை நீங்கள் படித்திருப்பீர்கள். நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சிறு தொழில்களில் பெரும்பாலானவை இந்த வரம்பைத் தொடுவதே இல்லை. ஆனாலும் பல முதலாளிகள் ஊர்ப் பள்ளிக்கு பெஞ்சு வாங்கித் தருகிறார்கள், திருவிழாவில் அன்னதானம் போடுகிறார்கள். மனதார வாழ்த்துகிறேன். ஆனால் லாபத்தை எப்படிச் செலவு செய்தீர்கள் என்று கேட்கும் முன், அது எப்படி வந்தது என்றுதான் நான் கேட்பேன்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயப்பட்டறைகளிலிருந்து அந்த உப்பு நொய்யல் ஆற்றுக்குப் போனது; ஆற்றோரக் கிணறுகளுக்கும் இறங்கியது. பாசனத்துக்காக அதே ஆற்றில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. அணைத் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லும் விவசாயியை நினைத்துப் பாருங்கள்! 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. கூலிக்காரர்கள் ஊர் திரும்பினார்கள்.

மீண்டு வந்த வழியும் அங்கேதான் இருக்கிறது. தனி ஒரு பட்டறையால் தாங்க முடியாத செலவை, தொழிலில் போட்டி போடுகிறவர்களே கூட்டுச் சேர்ந்து சுமந்தார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவைச் சவ்வு வழியாக வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். குறைகள் இன்றும் உண்டு. இருந்தாலும், சின்ன ஆள் என்ன செய்ய முடியும் என்று கேட்பவரை நான் அங்கேதான் அனுப்புவேன்.

லாபம் வரும் இன்னொரு வழியைப் பாருங்கள்: உலோகத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் பவர் பிரஸ். இரண்டு கையாலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அதனால் கை அச்சுக்குள் மாட்டாது. ஆனால் கூலி பீஸ் கணக்கில். ஒரு பட்டனை டேப்பால் அழுத்தி ஒட்டிவிட்டால் மணிக்கு இன்னும் பல பீஸ் ஓடும். சூப்பர்வைசர் கண்டும் காணாமல் கடந்து போவார். நாளை அந்த சூப்பர்வைசர் நீங்கள்தான். டேப்பைப் பிய்த்து எறியுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். விரலைப் பணயம் வைக்காமலே குடும்பம் நடத்தும் கூலி கிடைக்கிறதா என்று முதலாளியிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

பெரிய நிறுவனங்களுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறு தொழிலிடம் வாங்கிய சரக்குக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். பில்லை நாலு மாதம் இழுத்தடித்தால், அந்தப் பட்டறையில் முதலில் தள்ளிப்போவது இஎஸ்ஐ, பிஎஃப் கட்டணமும் பாதுகாப்புச் செலவும்தான். உங்கள் மேசைக்கு அப்படி ஒரு பில் வரும்போது அன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்.