பனியன் போடக்கூடாது என்றார்கள், நான் பனியன் விற்கிறேன்



சின்ன வயதில் படம் வரைந்துகொண்டிருந்தவன் எப்படித் துணி வியாபாரத்துக்கு வந்தான் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழைப்பிதழில் 'வெற்றிக்கதை' என்று போட்டிருக்கிறது. வெற்றியா இல்லையா என்பதை இந்த மாத வாடகையைக் கட்டிய பிறகுதான் சொல்ல முடியும். அதனால் துணியைப் பற்றிப் பேசுகிறேன்.

1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். இந்தியச் சாதிகள் பற்றிய தன் நூலில் ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. எட்டில் ஏழு, உடம்பின்மேல் என்ன இருக்கலாம் என்பதைப் பற்றியவை. மிச்சம் ஒன்று, மண்பாத்திரம் தவிர வேறு எதுவும் புழங்கக்கூடாது என்பது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

இதை நான் படித்தது திருப்பூரில், ஒரு பிரிண்டிங் பட்டறையின் நைட் ஷிப்டில். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் பனியன் அடுக்கியிருந்தது. 'பனியன்' என்ற அந்தச் சொல்லைத் தாண்டி அன்றைக்குப் படிக்க முடியவில்லை.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1927 டிசம்பரில், மகாடில் மனுஸ்மிருதியை எரித்த மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் சேலை கட்டும் முறையைப் பற்றிப் பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கும் கட்டும் நகையும் வேண்டாம் என்றார். எவ்வளவோ வேலை இருந்த மனிதர் சேலைக்கட்டைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கினார். துணி சின்ன விஷயம் என்று நினைக்கும் தோழர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எனக்கு வரைய வந்தது காலனிச் சுவரில். சுவர் எழுதும் மாமா ஒருவர் இருந்தார். ஏப்ரல் 14 நெருங்கும்போது கட்டம் போட்டு அம்பேத்கர் முகத்தைக் கோட்டில் இறக்கிவிடுவார். கண்ணாடி பிரேமை நிரப்புவது என் வேலை. ஃப்ளெக்ஸ் வந்ததும் அவர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேரின் சயின்ஸ் ரெக்கார்டு நோட்டில் இருந்த தவளையும் செம்பருத்தியும் நான் போட்டவை. ஊர்த்தெருவில் நோட்டு வீட்டுக்குள் போகும், நான் வாசலில் நிற்பேன்.

பட்டறை எனக்கு வேறு பாடம் நடத்தியது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். மெஷ்ஷில் எமல்ஷன் பூசி, மேலே ஃபிலிமை வைத்து, வெளிச்சம் காட்டி, தண்ணீர் அடித்தால் படம் இருக்கிற இடம் மட்டும் திறந்துகொள்ளும். அதன் வழியே மையை இழுக்கிறோம். ஐந்து நிறம் என்றால் ஐந்து ஸ்கிரீன், ஐந்து இழுப்பு. கையில் காசில்லாதவனின் படம் இரண்டு நிறத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

அங்கே 'ஸ்கின் கலர்' என்று எழுதிய டப்பா ஒன்று இருந்தது. உள்ளே இளஞ்சிவப்பு மை. அதைக் கலக்கியவர் கை, பக்கத்தில் பீஸ் மடித்த அக்காவின் கை, என் கை, ஒன்றுக்கும் அந்த டப்பாவுக்கும் சம்பந்தம் கிடையாது. எங்கள் அம்மாச்சி முகத்தை அச்சடிக்க எந்த மையைக் கலப்பது என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் முகத்துக்கு மையே போடவில்லை. கறுப்புத் துணி எடுத்து, நரைமுடி, மூக்குத்தி, கன்னத்து மேட்டில் விழும் வெயில், சிரிக்கும்போது தெரியும் பல் இவற்றை மட்டும் வெள்ளையில் இழுத்தோம். முகம் துணியாகவே இருந்தது. ஒரே ஸ்கிரீன். இன்றுவரை அதிகம் விற்பது அதுதான்.

ஒரு பெரிய கடைக்காரர் இருநூறு பீஸ் எடுப்பதாகச் சொன்னார். பறை இருக்கட்டும், எருமை இருக்கட்டும், பார்க்க 'எத்னிக்'காக இருக்கிறது. "அந்தக் கோட்டு சூட்டுப் படத்தை மட்டும் எடுத்துருங்க தம்பி, எல்லா கஸ்டமரும் வருவாங்க" என்றார். பறை வேண்டும், ஆனால் பறையடிக்கிறவர்களுக்குச் சட்டம் எழுதிக்கொடுத்தவர் வேண்டாம். கொடுக்கவில்லை. கைதட்டாதீர்கள், அந்த மாதத் தையல் கூலிக்கு அடகுக்குப் போனது அம்மாவின் கம்மல்.

மும்பையில் சுதீர் ராஜ்பர் தாராவித் தோல் கைவினைஞர்களோடு 'சமார் ஸ்டுடியோ' நடத்துகிறார். 2015இல் மகாராஷ்டிரத்தில் மாட்டிறைச்சித் தடை வந்து தோல் தொழில் அடிவாங்கியது. அவர்கள் மறுசுழற்சி ரப்பரில் பை செய்கிறார்கள். வசவாக வீசப்பட்ட சாதிப்பெயரையே முகப்பில் மாட்டியிருக்கிறார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் அந்த வழி எனக்கு ஒத்துவராது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவனை வீட்டுக்குள் புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். சென்னை மாலில் ஒரு சட்டைக்கு 'செம டிசைன்' என்று பாராட்டு கிடைக்கும். அதே சட்டைக்குத் தெற்கே டவுன் பஸ்ஸில் என்ன கிடைக்கும் என்பதை யோசித்துத்தான் நான் வரைகிறேன். அதனால் சிலவற்றில் எழுத்தே இல்லை. கண்ணாடி பிரேம் மட்டும். தெரிந்தவருக்குத் தெரியும்.

"அம்பேத்கரை விற்கிறாயா?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு பீஸ் 450 ரூபாய். என் காலனித் தம்பிக்கு அது ஒருநாள் கூலி. அச்சில் லேசாகப் பிசகியதை அவர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுக்கிறேன், அதுவும் எனக்குச் சங்கடம்தான். நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் பிசகியது?

விலையைவிடப் பெரிய தொல்லை நூல். தையலும் அச்சும் என் கண்முன்னால் நடக்கின்றன, கூலி என்னவென்று எனக்குத் தெரியும். நூல் எந்த மில்லில் நூற்றது? மேற்கு மாவட்ட ஸ்பின்னிங் மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்குத் தொகை என்று சொல்லி, இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். அவர்களில் நிறையப் பேர் நம் வீட்டுப் பெண்கள். துணி வாங்கும்போது மில் பெயரைக் கேட்டால் வியாபாரி சிரிக்கிறார். ஐம்பது கிலோ வாங்குகிறவன் கேள்வி கேட்கலாமா என்ற சிரிப்பு. சின்னச் சின்னதாகத் துணி எடுக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கினால் இருநூறு, இருநூற்றைம்பது கிலோ ஆகும், அப்போது பெயர் சொல்லுவார். அதற்குத்தான் இப்போது அலைகிறேன். இந்தக் கூட்டத்தில் துணி எடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் டீ குடிக்கும்போது பேசுவோம்.

இப்போது மேசையில் இருப்பது அந்த மூன்றாவது தடை. வெள்ளைப் பனியன், நீல மை, ஒரே ஸ்கிரீன். நெஞ்சில் தடையும் தேதியும், அவ்வளவுதான். மாதிரி பீஸைப் பார்த்துவிட்டு, செக்கிங் பார்க்கும் அக்கா கேட்டார், "ஆறாவது தடை எங்களுக்குப் போட்டதாச்சே தம்பி, ஆம்பளைக்கு மட்டும்தான் அடிப்பீங்களா?" பெண்களுக்கு அளவு வேறு, வெட்டும் வேறு. இந்த வாரம் அதற்குப் பேட்டர்ன் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.