டேப்பில் வந்த குகை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டர் துறையில இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க, எதிர்காலத்தைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே உண்டு. நான் ஒரு பழைய கடனைப் பற்றிப் பேசுகிறேன்.

என் சொந்த ஊர் கருமத்தம்பட்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் விசைத்தறிச் சத்தம். 1986இல் பிளஸ் ஒன் படிக்க, அவிநாசி ரோட்டில் பஸ் ஏறிக் கோவைக்குப் போய் வந்தேன். பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த கூட்டாளி என்னைவிட நன்றாகப் படிப்பான். அவன் அப்பாவுக்கு முடியாமல் போனதால் தறிக்குப் போய்விட்டான்.

பள்ளிகளில் கணினி அறிவைப் பரப்ப மத்திய அரசு 1984இல் 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் எங்கள் பள்ளிக்கும் 'பிபிசி மைக்ரோ' வந்தது. பிரிட்டனில் ஏகார்ன் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த மெஷின். நினைவகம் 32 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவை வைக்க அதுபோல நூறு மெஷின் வேண்டும்!

புரோகிராம் எல்லாம் சாதாரண ஆடியோ கேசட்டில்தான். சினிமாப் பாட்டுக் கேட்கும் அதே டேப் ரெக்கார்டர். 'செயின்' என்று அடித்து, இரண்டு மேற்கோள் குறி போட்டு, டேப்பை ஓடவிட வேண்டும். திரையில் 'சர்ச்சிங்', பிறகு 'லோடிங்'. வினாடிக்குச் சுமார் 120 எழுத்து வேகத்தில், துண்டு துண்டாக உள்ளே போகும். நாலைந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வால்யூம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் 'டேட்டா?' என்று ஒரு கேள்வி. டேப்பைப் பின்னால் ஓட்டு என்று உத்தரவு. அந்த மெஷினின் நல்ல குணம், முதலிலிருந்து தொடங்கச் சொல்லாது. தவறிய துண்டுக்குச் சற்று முன்னால் ஓட்டிவிட்டால் போதும். ஆனால் கரண்ட் போனால் எல்லாம் போச்சு!

அப்படி ஏற்றியதுதான் 'கொலோசல் அட்வென்ச்சர்'. படமே கிடையாது, எல்லாம் எழுத்து. நீங்கள் ஒரு குகைக்குள் போகிறீர்கள். 'கெட் லேம்ப்', 'கோ நார்த்' என்று இரண்டு வார்த்தையில் சொன்னால், அடுத்து என்ன தெரிகிறது என்று அது எழுதிக் காட்டும். இதன் மூலத்தை எழுதியவர் அமெரிக்காவின் வில் கிரௌதர். இன்டர்நெட்டின் முன்னோடியான 'அர்ப்பாநெட்' பணியில் இருந்தவர். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகையில் இறங்கி வரைபடம் எடுத்தவர். விவாகரத்துக்குப் பின், தன் பெண் குழந்தைகள் விளையாட 1970களின் நடுவில் இதை எழுதினார். 1977இல் டான் வுட்ஸ் விரிவாக்கினார்.

சனிக்கிழமை ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு. நோட்டில் வரைபடம் போட்டுக்கொண்டே போனோம். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். எந்த வழியில் போனாலும் அதே வர்ணனை, அதே அறை. மூன்று சனிக்கிழமை வீணாய்ப் போயிற்று.

ஒரு சாயங்காலம் நோட்டோடு தறிக் குடோனுக்குப் போனேன். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, கூட்டாளி எட்டிப் பார்த்தான்.

"என்றா இது, கோலமா?"

விவரம் சொன்னேன். அவன் தறியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "பாவுல அளவுக்கு மை அடையாளம் வெக்கறாங்கல்ல? அதாட்டம் ஒவ்வொரு ரூம்லயும் கையில இருக்கறதுல ஒண்ணு போட்டுட்டு வாடா. மறுக்கா வந்தா தெரிஞ்சுரும்."

அடுத்த சனிக்கிழமை ஒரு அறையில் சாவி, ஒன்றில் பாட்டில், ஒன்றில் சாப்பாடு என்று போட்டுக்கொண்டே நடந்தேன். ஒரே அறை என்று நினைத்தது பல அறைகள்! வழி தெரிந்துவிட்டது. சார் தட்டிக்கொடுத்தார். "யார் யோசனை?" என்று கேட்டார்.

"என்னோடதுங்க சார்" என்றேன்.

அதோடு விட்டேனா? "ஒரு நாள் எனக்கும் அந்த மெஷினைக் காட்டுடா" என்று அவன் இரண்டு தடவை கேட்டான். சரி என்றேன். கூட்டிப் போகவில்லை. பஞ்சு ஒட்டிய சட்டையோடு அவன் வந்து நின்றால் மற்ற பையன்கள் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம்தான் காரணம். நான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன், வேலைக்குப் போனேன். அவன் தறியிலேயே இருந்துவிட்டான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, செல்போனில் அந்த விளையாட்டைப் போட்டு அவன் கையில் கொடுத்தேன். சாரிடம் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தான். "அப்பவே காட்டியிருக்கலாமல்லடா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

தம்பி தங்கைகளே, உங்களுக்குக் கிடைக்கிற வாசல் பக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைக்காமல் போகலாம். உள்ளே போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் சொன்ன யோசனை என்றால் அவன் பெயரைச் சொல்லுங்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைகளில் ஒரு கம்ப்யூட்டர் லேபைத் திறந்து வைப்போம். படிப்பை நிறுத்திய சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எந்தச் சட்டையோடும் வரட்டும். முதல் வருஷச் செலவு என்னுடையது. அது நன்கொடை அல்லங்க, கடன் அடைக்கிறேன்.