மான் கறியும் சுவரொட்டியும்

ஜவ்வாது மலையடிவாரத்தில், அமிர்திப் பக்கத்து ஊர்களில், மான் கறிக்கு இன்றும் ஒரு பெயர் உண்டு. தின்றால் உடம்பு முறுக்கேறும் என்பார்கள். அந்தப் பேச்சு பொய்யில்லை.

100 கிராம் பச்சை மான் கறியில் புரதம் சுமார் 23 கிராம். கொழுப்பு இரண்டரை கிராம்தான். காடெல்லாம் ஓடித் திரிகிற உடம்பில் கொழுப்பு எங்கே தங்கும்? ஓடுகிற தசைக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைப்பது மயோகுளோபின். கறி கருஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான். அந்தச் சிவப்புக்குள் இரும்புச்சத்து 3.4 மில்லிகிராம். பி12-ம் தாராளம்.

ஆனால் மானைக் கொல்வதும் அதன் கறியை வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வேண்டும் என்பதே என் கட்சி. நியூசிலாந்தில் பண்ணையில் வளர்த்து, சோதித்து விற்கிறார்கள். இங்கே ஒளித்து விற்பதை எந்தக் கால்நடை மருத்துவர் பார்த்தார்? நாட்டுத் துப்பாக்கியின் ஈயத் துணுக்குகூட அதில் கிடக்கலாம்.

நம் ஆம்பூர் பிரியாணிக்குப் போகிற வெள்ளாட்டைப் பாருங்கள். கடையில் உரித்துத் தொங்கும்போது குண்டிக்காயைச் சுற்றி வெள்ளை வெளேரென்று கொழுப்பு மூடியிருக்கும். தொடையைக் கீறினாலோ உள்ளே செக்கச்செவேல். வெள்ளாடு கொழுப்பை வயிற்றுக்குள்தான் அதிகம் சேர்க்கும். அதனால் அதன் கறியிலும் கொழுப்பு இரண்டேகால் கிராம்தான். புரதம் 20-க்கு மேல், இரும்பு 2.8. பி12-ல் பின்தங்கினாலும், மற்றதில் மானை ஒட்டியே நிற்கிறது.

விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களை நினைத்துத்தான் இதைப் பேசுகிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அவர்களுக்குக் காட்டில் தேட வேண்டியது ஒன்றுமில்லை. ஆட்டின் மண்ணீரல், நம் வழக்கில் சுவரொட்டி, இருக்கிறது. தட்டையாக, கருநீலமாக, கையில் வழுக்கும். செம்மறியின் மண்ணீரலை அளந்ததில் 100 கிராமுக்கு இரும்பு 40 மில்லிகிராமைத் தாண்டியது. மான் கறியைப்போல் பத்து மடங்குக்கு மேல்!

மஞ்சள் போட்டு நன்றாக வேகவைத்து, நறுக்கி, சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து நல்லெண்ணெயில் புரட்டினால் போதும். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் தவிர்த்துவிடுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு என்று ஒதுக்காமல், வேலைக்குப் போகிற மகளுக்கும் வையுங்கள். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போனால், "பாய், சுவரொட்டி இருக்கா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.