மூன்று சாட்சிகள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஒரு மக்களுக்கு நேர்ந்த துன்பத்தைப் பின்வருவோர்க்கு எடுத்துரைப்போர் யாவர்? சட்டம் பயின்றோர், மனநோயை ஆராய்வோர், ஒளிப்படம் எடுப்போர் ஆகிய மூவரைப் பற்றி இன்று சிந்திப்போம். பத்தாம் வகுப்புடன் கல்வியை முடித்து இரயில்வேயில் கணக்கெழுதும் நமக்கு இப்பொருள் எதற்கு என வினவலாம். விலாசம் எழுதாத பார்சல் உரியவரைச் சேராது என்பதை நாள்தோறும் காண்பவர் நாம். அவ்வறிவே பேசத் துணிவளித்தது.

கடலுக்கு அப்பால் இலங்கையை நோக்குவோம். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பொரளை பஸ் நிலையத்தில் ஆடை களையப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவரைக் கயவர் சூழ்ந்து நின்றனர். அக்காட்சியைப் படமாக்கியவர் சந்திரகுப்த அமரசிங்க என்னும் சிங்களப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர். உண்மைக்கு இனம் இல்லை என்பதற்கு அவரே சான்று. ஆயினும் படத்துக்கு வாய் இல்லை. அவ்விளைஞரின் தாய் என்ன பாடுபட்டாள் என்பதை அது கூறாது.

படம் காட்டாததை எழுதியவர் யாழ்ப்பாணத்து மனநோய் மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போரால் ஈழத்தமிழர் உள்ளத்திற்பட்ட வடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். மேனாட்டு மருத்துவம் நோயைத் தனிமனிதர் உள்ளத்தில் தேடும். நம்மவரிடையே குடும்பமும் ஊரும் ஒருங்கே காயமுறுகின்றன என்று அவர் காட்டினார். உள்ளத்து வலியை உடல்வலியாகக் கூறுவதும், ஈமச்சடங்கு செய்ய இயலாதபோது துயர் ஆறாதிருப்பதும் நம் பண்பாட்டை அறிந்த மருத்துவர்க்கே விளங்கும் அன்றோ?

மூன்றாமவர் சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம். ஹார்வர்டில் பயின்ற அவர், 1982இல் கொழும்பில் இன ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவியோருள் ஒருவர். அதிகாரப் பகிர்வைச் சட்டத்தின் வாயிலாகப் பெற உழைத்த அப்பெருமகன், 1999 ஜூலை 29 அன்று மனித வெடிகுண்டுக்கு இரையானார். அறிவின் வழியே நடப்பதற்கும் உயிரை விலையாகக் கொடுக்க நேர்ந்தது!

இனி நம் எல்லைக்கு வருவோம். 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழகத்தோடு இணையக் கோரிய தமிழர்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. 1956 நவம்பர் 1 முதல் விளவங்கோடு தமிழகம் ஆயிற்று. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஈழத்துப் பெருந்துயரோடு இதனை ஒப்பிடுதல் தகாது. இன்று மலையாள அன்பரோடு அமைதியாகவே வாழ்கிறோம். ஆயினும் சான்றினைப் பேணும் கடமை நமக்கும் உண்டு.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்பது, 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு. ஆனால், தமிழ் கேட்கும் குழந்தைகள் இங்குளர் என்று நாம் காட்டாவிடில் அப்பிரிவு ஏட்டிலேயே உறங்கும். வீடு புதுப்பிக்கையில் பழம்பத்திரங்களும் படங்களும் குப்பைக்குச் செல்கின்றன. பாட்டிமார் நினைவுகளோ அவர்களுடனேயே மறைகின்றன.

ஆகவே, அன்பர்களே, மூன்று பணிகளை வேண்டுகிறோம். குடும்பப் பத்திரங்களையும் பள்ளிச் சான்றுகளையும் படியெடுத்து வைப்போம். இது சட்டத்தின் சாட்சி. முதியோர் சொல்வதை அவர்கள் மொழியிலேயே எழுதுவோம்; இது மனத்தின் சாட்சி. பழைய படங்களின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பென்சிலால் மெல்லக் குறிப்போம்; இது கண்ணின் சாட்சி.

இவற்றில் ஒன்றிருந்து மற்றவை இல்லையேல் உண்மை நொண்டும். மூன்றும் கூடினால், நாம் இங்கு வாழ்ந்தோம் என்பதை நம் பேரர்க்கு எவரும் மறுத்துரைக்க இயலாது. இவ்வாண்டே சங்கம் இதனைத் தொடங்குக!

வாழ்க தமிழ்!