மாத நாவலும் மாதக் குறிப்பும்



இத்தகைய அவையில் தொல்காப்பியம் பற்றியோ திருக்குறள் பற்றியோ பேசுவதே மரபு. காதல் நாவல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதிலும் ஒரு வாசகி தாம் படித்த காதல் நாவல்களைப் பற்றி மாதந்தோறும் எழுதிவைத்த குறிப்புகளே இன்றைய பொருள். தொல்காப்பியம் இடையில் வரும். ஆகவே மரபு முற்றும் மீறப்படவில்லை.

மாத நாவல் என்றால் என்னவென்று மாணவர்களுள் பலருக்குத் தெரிந்திராது. தமிழ்நாட்டில் அச்சாகி வெளிவந்த மெலிந்த இதழ் அது. செய்தித்தாளுக்குரிய மலிவான தாள்; பளபளக்கும் அட்டையில் ஒரு பெண்ணின் முகம்; உள்ளே ஒரு முழு நாவல். ராணிமுத்து, மாலைமதி, கண்மணி முதலிய பெயர்களில் வந்த இவ்விதழ்கள் சிராங்கூன் சாலைக் கடைகளில் வார இதழ்களோடு அடுக்கப்பட்டிருந்த காலத்தை இங்குள்ள மூத்தோர் அறிவர். துப்பறியும் கதைக்கு ராஜேஷ்குமார் என்றால் காதல் கதைக்கு ரமணிசந்திரன். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர் அவர். அவருக்கு முந்தைய தலைமுறையில், மருத்துவராகப் பணியாற்றிய லட்சுமி குடும்பக் கதைகளால் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றார். அவருக்கு 1984 இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. ரமணிசந்திரன் பெயரை ஆய்வரங்குகளில் நாம் கேட்டது மிகக் குறைவு. வீடுகளில் கேட்டது மிகுதி.

இனி நம் கதைக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் நாம் ஒரு தொடக்கக் கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்தோம். முனைவர் பட்டத்தின் மிடுக்குக் குறையாத வயது. மாணவர் ஒவ்வொருவரும் தாம் படித்த தமிழ் நூல்களை மாதந்தோறும் பட்டியலிட்டு, நூலொன்றுக்கு ஓரிரு வரி எழுதித் தரவேண்டுமென விதித்திருந்தோம். பெரும்பாலோர் ஒரு நூலை எழுதுவர். சிலர் பாடநூலின் பெயரையே எழுதி, 'நன்றாக இருந்தது' என முடிப்பர். ஒரு மாணவி மட்டும் முதல் மாதத்தில் 7 நூல்களை எழுதியிருந்தார். ஏழும் காதல் நாவல்கள். அவருடைய தாயாரும் அடுக்குமாடிக் கட்டடத்து அண்டைவீட்டாரும் தமக்குள் மாற்றிக்கொண்ட மாத நாவல்கள் அவை. அடுத்த மாதம் 6; அதற்கடுத்த மாதம் 8. மூன்றாம் தாளின் அடியில், 'இவை நூல்கள் அல்ல. இலக்கியம் படிக்க' எனச் சிவப்பு மையால் எழுதித் திருப்பினோம்.

நான்காம் மாதப் பட்டியலில் 2 நூல்கள் இருந்தன. இரண்டும் சான்றோர் போற்றும் நாவல்கள். குறிப்புகளில் ஒரு சந்திப்பிழைகூட இல்லை. 'நன்று' என எழுதினோம். அவ்வரிகள் நூல்களின் பின்னட்டையிலிருந்து எடுத்தெழுதப்பட்டவை என்பதை ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்தே அறிந்தோம்.

ஆண்டிறுதியில் மாணவர் தாள்களைத் திரும்பப் பெற்றுக் கோப்பில் இடுவது அக்காலத்து வழக்கம். பணி ஓய்வு பெற்று அறையை ஒழித்தபோது அக்கோப்பு அகப்பட்டது. முதல் மூன்று தாள்களையும் அன்றுதான் உண்மையில் படித்தோம். முன்பு திருத்தியிருந்தோம், படித்திருக்கவில்லை.

முதல் தாளில் ஒரு குறிப்பு: 'இந்த மாதம் முகம் சிவந்தாள் என்பது 11 தடவை வந்தது. கோபமா வெட்கமா என்று அடுத்த வரியில்தான் தெரியும்.' தேய்ந்த தொடர்களைத் திரும்பத் திரும்ப எழுதுவர் என்பது காதல் நாவலாசிரியர்மீது நம்மனோர் கூறும் முதற்குற்றம். குற்றம் மெய்யே. ஆயினும் வீட்டில் ஆங்கிலம் பேசி, வாரத்தில் சில மணி நேரம் மட்டும் தமிழைக் காணும் பிள்ளைக்கு ஒரு தொடர் 11 தடவை எதிர்ப்படுவது எவ்வளவு பெரிய வாய்ப்பு! பாடநூலில் ஒரு புதிய சொல் ஒருமுறை வரும். பயிற்சியில் மற்றொரு முறை வரும். பிறகு தேர்வில்தான் வரும். இம்மாணவி தொடரை மனப்பாடம் செய்யவில்லை. அதன் இரு பொருள்களையும் பிரித்தறிந்து, பிரித்தறியும் வழி சூழல் என்பதையும் கண்டுகொண்டார். தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் சினத்தை உணர்த்தும் என்கிறார். அவை நிறத்தையும் உணர்த்தும் என அடுத்துக் கூறுகிறார். இன்றைய நாவலின் 'முகம் சிவந்தாள்' நாணத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. சொற்பொருள் விரிவைக் கற்பிக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டை நாம் எந்த வகுப்பிலும் கண்டதில்லை. கையில் இருந்ததை விட்டுவிட்டோம்.

இரண்டாம் தாளில் உள்ள குறிப்பே நம்மை உறங்கவிடாமற் செய்தது. 'கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் நீங்கள் என்று பேசினார்கள். பிறகு அவன் நீ என்றான். அவள் மட்டும் கடைசிவரை நீங்கள். ஏன்?'

ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்னும் இருவர் 1960 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் முதலிய மொழிகளில் முன்னிலைப் பெயர்கள் இரண்டாக இருப்பதை ஆராய்ந்து, அவற்றின் தெரிவை இரு ஆற்றல்கள் ஆள்கின்றன என்றனர். ஒன்று அதிகாரம், மற்றொன்று தோழமை. அதிகாரம் ஓங்கும் இடத்தில் ஒருவர் 'நீ' என்பார், மற்றவர் 'நீங்கள்' என்பார். தோழமை ஓங்கும் இடத்தில் இருவரும் ஒன்றையே கூறுவர். சமூக மொழியியல் பயில்வோர் எவரும் இக்கட்டுரையைத் தவிர்க்க இயலாது. அவ்வாண்டில் மாலைநேர வகுப்பொன்றில் நாமும் இதனைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். கட்டுரை எழுப்பும் வினாவை 17 வயதுப் பெண் ஒருவர் தமிழ்த் தரவோடு எழுப்பியிருந்த தாள் அதே மேசையில் கிடந்தது. அவ்வினாவின் அருகே நாம் செய்திருந்தது, 'கல்யாணத்துக்கு' என்பதை அடித்துத் 'திருமணத்திற்கு' எனத் திருத்தியது மட்டுமே.

வினாவுக்கு விடை எளிதன்று. தமிழில் 'நீ' என்பது தாழ்வின் குறி மட்டுமன்று. தாயை 'நீ' என்கிறோம். இறைவனை 'நீ' என்கிறோம். பல வீடுகளில் தாய் 'நீ', தந்தை 'நீங்கள்'. ஆகவே நாவலின் தலைவன் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு வரும் கணத்தில் இரண்டு செய்திகள் ஒருங்கே பிறக்கின்றன: நெருங்கிவிட்டேன் என்பது ஒன்று, இனி நான் கணவன் என்பது மற்றொன்று. தலைவியும் நெருங்குகிறாள், ஆனால் அவளுடைய நெருக்கத்திற்கு முன்னிலைப் பெயர் இடந்தரவில்லை. அது வேறு வழிகளில் வெளிப்படுகிறது. கணவன் பெயரைக் கூறாமல் 'என்னங்க' என அழைக்கும் குரலில் வெளிப்படும்; பழைய நாவல்களில் 'அத்தான்' என்னும் உறவுச்சொல்லில் வெளிப்படும். முறை மாப்பிள்ளைக்குரிய அச்சொல், உறவேயில்லாத கணவனுக்கும் உரித்தாயிற்று. மலாய்க் குடும்பங்களில் மனைவி கணவனை 'அபாங்', அதாவது அண்ணன், என விளிப்பதை நம் மாணவர் நாள்தோறும் கேட்கின்றனர். ஒப்பிட்டுக் காட்டினால் உடனே பற்றிக்கொள்வர். ஊடலில் தலைவன் மீண்டும் 'நீங்கள்' என்று தொடங்கும் இடத்தையும் கவனியுங்கள். மரியாதை கூடியதனாலேயே மனம் நோகும். ஒரே 'யூ' உடைய ஆங்கிலத்தில் இக்காட்சியை எழுத வேறு வழிதான் தேடவேண்டும். அண்மைக்காலக் காதல் நாவல்களில் தலைவி 'டா' என அழைப்பதைக் காண்கிறோம். இதனை மொழிச் சிதைவு என வருந்துவோர் உளர். நாம் வருந்தவில்லை. அம்மாணவி கேட்ட வினாவுக்கு எழுத்தாளர் சிலர் தரும் விடையாகவே கொள்கிறோம்.

சிங்கப்பூரில் 2005 இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, வருணனையை எழுத்துவழக்கிலும் உரையாடலைப் பேச்சுவழக்கிலும் அச்சிட்டு, ஒரே பக்கத்தில் இரண்டையும் காட்டிய நாவல்கள் நம் மாணவர் வீடுகளில் கிடந்தன.

மூன்றாம் தாள் கதைகளின் குறையைத் தொடுகிறது. 'இந்த மாதம் இரண்டு கதைகளில் அவன் அவளை அறைந்தான். ஒன்றில் மன்னிப்புக் கேட்டான். கேட்காத கதையைத் திரும்பப் படிக்க மாட்டேன்.' இந்நாவல்களில் அடிக்கும் தலைவன் உண்டு. அதைக் காதலென்று மன்னிக்கும் தலைவியும் உண்டு. நிறத்தைக் கொண்டு அழகை அளக்கும் வழக்கம் பெருமளவு உண்டு. இவற்றை மறைத்துப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. ஆனால் வாசகி அனைத்தையும் கண்ணை மூடி விழுங்குகிறாள் என எண்ணியது நம் பிழை.

இப்பிழை நம்முடையது மட்டுமன்று. அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984 இல் காதல் நாவல் வாசகியரைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். தாம் ஆராய்ந்த ஊருக்கு ஸ்மித்டன் எனப் புனைபெயர் இட்டார். அவ்வூர்ப் புத்தகக் கடையில் பணியாற்றிய, டாட் என்று நூலில் அழைக்கப்படும் பெண்மணி, மாதந்தோறும் குவியும் காதல் நாவல்களைப் படித்து, எவை வாங்கத் தக்கவை எனச் சுற்றறிக்கை எழுதிவந்தார். அவரை நம்பி வாங்கிய பெண்களிடம் ராட்வே உரையாடினார். வீட்டு வேலைகளுக்கிடையே தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் நேரமே வாசிப்பு என்றனர் அப்பெண்கள். கொடிய தலைவனை அவர்கள் விரும்பவில்லை. மகிழ்ச்சியான முடிவில்லாத கதையையும் ஒதுக்கினர். இவ்வாசிப்பு அவர்தம் வாழ்வின் அமைப்பை மாற்றுகிறதா என்னும் ஐயத்தை ராட்வே இறுதிவரை விடவில்லை, அவ்வையம் தக்கதே. ஆயினும் நல்லது எது, அல்லது எது என்னும் அளவுகோல் ஒன்று அவ்வாசகியரிடம் இருந்ததை அவர் பொருட்படுத்திப் பதிவு செய்தார். நம் மாணவியும் டாட் செய்ததையே செய்தார். நாம் ராட்வே ஆகவில்லை.

இன்னொன்றும் கூற வேண்டும். 21 குறிப்புகளிலும் தலைவன் தலைவியின் பெயர்கள் அரிதாகவே உள்ளன. 'கட்டாயக் கல்யாணக் கதை', 'பிரிந்துபோன மனைவி திரும்பி வரும் கதை' என்றே எழுதியுள்ளார். அகத்திணையில் ஒருவரது இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய விதி. சங்க அகப்பாடல்களின் கீழ் யார் யாருக்கு எச்சூழலில் கூறியது என்னும் துறைக்குறிப்பு இருப்பதை மாணவர் அறிவர். பாடலைப் படித்த ஒருவர் அதைச் சுருங்கச் சொல்லிய குறிப்பு அது. மாத நாவல் குறுந்தொகை ஆகிவிடாது. எனினும் துறைக்குறிப்பு என்றால் என்ன என்று அவ்வாண்டு நாம் கரும்பலகையில் விளக்கியபோது, வகுப்பில் அதனை முன்பே எழுதிப் பழகியவர் ஒருவர் இருந்தார்.

மொழி கற்றல் ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷன், ஒரே ஆசிரியரையோ ஒரே வகை நூல்களையோ தொடர்ந்து படிப்பது இரண்டாம் மொழியாளர்க்குப் பெரிதும் பயன்படும் என வலியுறுத்தியவர். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற வயதுவந்த பெண்கள், சிறுமியர்க்கான 'ஸ்வீட் வேலி' தொடர்கதைகளைப் படித்துச் சொல்வளம் பெற்றதை அவரும் கியுங்-சூக் சோ என்பவரும் 1994 இல் எடுத்துக்காட்டினர். அம்மாணவியின் முதல் மூன்று தாள்களில் தவிப்பு, தயக்கம், சீண்டல், ஏக்கம், பிடிவாதம், நெகிழ்ச்சி ஆகிய சொற்கள் உரிய இடத்தில் உரிய பொருளில் வருகின்றன. நான்காம் தாளில் அவருடைய சொல் ஒன்றுமில்லை.

கோப்பைக் கண்ட பின் அவரைத் தேடிச் சந்தித்தோம். அவர் இசைவுடனேயே இவற்றை இங்குக் கூறுகிறோம். பெயர் மட்டும் வேண்டா என்றார். அவர் மகள் இப்போது உயர்நிலைப்பள்ளியில் தமிழ் படிக்கிறாள். பின்னட்டைச் செய்தியை அவரே சிரித்துக்கொண்டு கூறினார். "தமிழில் படிப்பது அந்த வருடத்தோடு நின்றுவிட்டது, ஐயா. உங்கள்மேல் கோபம் இல்லை. வழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்" என்றார். பிறகு, "அந்த ஏன் என்பதற்கு நீங்கள் பதில் சொல்லவே இல்லையே" என்றார். காப்பிக்கடையில் ஒரு மணி நேரம் விடை கூறினோம். விடைபெறும்போது அண்மையில் வந்த நாவல் ஒன்றைக் கொடுத்தோம். இரு வாரம் கழித்துக் கைப்பேசியில் ஒரு வரி வந்தது: 'இதில் அவளும் நீ என்கிறாள், 40ஆம் பக்கத்தில்.'

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாசிப்புப் பட்டியலுக்கு மதிப்பெண் இடாதீர்கள். நூலின் தகுதியைப் பற்றி முதல் மூன்று மாதங்கள் ஒன்றும் எழுதாதீர்கள். நூலின் பெயர், எந்த இடத்தில் நிறுத்தினேன், எந்தச் சொல் அடிக்கடி வந்தது, யார் யாரை எப்படி அழைத்தனர் என்னும் நான்கு கட்டங்கள் போதும். சந்திப்பிழையைத் திருத்தும் ஆவல் எழும். வேறு தாளில் திருத்திக்கொள்ளலாம். அடிக்கும் தலைவனைப் பற்றி மாணவர் எழுதினால் அதனை வகுப்பில் பேசுங்கள். இப்படிவத்தின் படிகளை வாயிலருகே மேசையில் வைத்துள்ளோம். மாணவர்களும் ஆளுக்கொன்று எடுத்துச் செல்லலாம். எவரிடமும் திருப்பித் தர வேண்டியதில்லை.

வினாக்கள் இருப்பின் கேட்கலாம்.