ஆயர் பாட்டும் தாய்மொழியும்



மர நிழலில் ஆயன் ஒருவன் குழலூத, மற்றொருவன் எதிர்ப்பாட்டுப் பாடுகிறான். நாட்டுப்புற வாழ்வை இவ்வாறு சிற்றோவியமாகத் தீட்டும் பாவிற்குக் கிரேக்கர் வழங்கிய பெயர் ‘எய்துல்லியோன்’. சிறுவடிவம் என்பது பொருள். இஃது ஓய்ந்திருப்போர்க்குரிய இன்பப்பாட்டு என எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பிழையுடைத்து.

இவ்வகைக்கு வித்திட்டவர் சிசிலித் தீவின் சைராகூசில் தோன்றிய தியோகிரித்தசு. காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு. அலெக்சாந்திரியப் பெருநகரைச் சார்ந்து வாழ்ந்தபோதும், தம் ஆயர்களை அவர் பாடவைத்தது பிறந்த மண்ணின் தோரிய வழக்கிலேயே! பின்வந்த உரோமப் பாவலர் வெர்சிலின் பாட்டிலோ கண்ணீரும் கலந்தது. கி.மு. 42இல் பிலிப்பிப் போர் முடிந்தபின், படைமறவர்க்குப் பங்கிட உழவர் நிலங்கள் பறிக்கப்பட்டன. அவருடைய முதல் ஆயர்பாட்டிலேயே, நிலமிழந்தவன் ஒருவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டு அகல்கிறான்.

இசையிலும் இவ்வடிவம் புகுந்தது. செருமானிய இசைப்புலவர் வாக்குனர், 1870 திசம்பர் 25 காலையில், தம் சுவிட்சர்லாந்து இல்லப் படிக்கட்டில் சிறு குழுவினரை நிறுத்தி, மனைவியின் பிறந்தநாள் பரிசாக ‘சீக்பிரீட்டு இடில்’ என்னும் இசையை எழுப்பினார்.

ஆயினும் நெஞ்சில் நிறுத்தத்தக்கது, பிரான்சின் தென்பகுதியாகிய புரோவான்சின் வரலாறே. பிரெஞ்சே உயர்ந்தது, ஊர்மொழி இழிந்தது என்று பள்ளிகள் கற்பித்த காலம் அது. அவ்விழிவைத் தாங்காத மிசுத்திரால், 1859இல் ‘மிரேயோ’ என்னும் பாவியத்தைத் தாய்மொழியிலேயே வெளியிட்டார். மிரேயோ செல்வ உழவன் மகள். அவள் காதலன் வின்சேன் ஏழைக் கூடைமுடைவோன். பெற்றோர் மறுக்கவே, அவள் வெயில் கொளுத்தும் கற்பரப்பைக் கடந்து, கடலோரக் கோயிலை அடைந்து உயிர்விடுகிறாள்.

1864இல் கூனோ இதனை இசைநாடகமாக்கினார். பாரிசு அரங்கில் மிரேயோ பாடியதோ பிரெஞ்சில்! அவ்வாண்டிறுதியில் முடிவும் மாற்றப்பட்டது. அவள் சாகாது பிழைத்தாள். கதைக்கு அரங்கம் கிடைத்தது; அதனை ஈன்ற மொழியோ வாயிலுக்கு வெளியே நின்றது.

மிசுத்திரால் சோர்ந்தாரல்லர். பேரகரமுதலி தொகுத்தார். 1904இல் நோபல் பரிசு பெற்றார். அத்தொகையைத் தம் மக்களின் வாழ்வியலைக் காட்டும் ஆர்ல் நகர அருங்காட்சியகத்திற்கே ஈந்தார். எனினும், 2010இல் யுனெசுகோ பதிப்பித்த அழிநிலை மொழிகளின் வரைபடம், புரோவான்சு மொழியைக் கடும் அழிநிலையில் உள்ளதாகவே குறித்தது.

பாவியம் இருந்தது, அகரமுதலி இருந்தது, உலகப் பரிசும் இருந்தது. இல்லாது போனது எது? தாய் தன் குழந்தையிடம் பேசும் பேச்சு! அப்பேச்சு நின்ற வீட்டில் எந்த ஆயனின் குழலும் மொழியை மீட்காது. எண்ணிப் பார்மின்!