முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர்



இன்றைய நற்செய்தியில் (லூக்கா 14:25-33) ஆண்டவர் கட்டடம் கட்டுகிற ஒருவரைப் பற்றிப் பேசுகிறார். கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்க முடியுமா என்று கணக்குப் பார்க்கமாட்டாரா என்று கேட்கிறார். தச்சர் வீட்டில் வளர்ந்தவர், வேலையின் நெளிவுசுளிவு தெரிந்தவர். இந்தப் பகுதியைச் சீடத்துவத்துக்குக் கொடுக்கவேண்டிய விலை என்று எங்களுக்குக் குருமடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். அது சரிதான். ஆனால் அதில் வரும் 'உட்கார்ந்து' என்ற சொல் எனக்கு உறைத்தது பல வருடம் கழித்து, ஒரு வெள்ளத்துக்குப் பிறகுதான்.

2014ஆம் ஆண்டு, நான் முன்பு பணியாற்றிய பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் சென்னையின் தெற்குப் புறநகரில் அடுக்குமாடியில் தரைத்தள வீடு ஒன்று வாங்கியது. ஊரில் இருந்த ஒன்றரை ஏக்கரை விற்று, மீதிக்கு மகன் பெயரில் வங்கிக் கடன். வீடு மந்திரிக்க என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தேன், பிரியாணி சாப்பிட்டேன், பேருந்தைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன். மறு வருடம் டிசம்பரில் அதே அறைகளில் இடுப்பளவு தண்ணீர். அந்தத் தாய் என்னிடம் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: "சாமி, இது ஏரித்தண்ணி போற வழின்னு வாங்குறப்ப ஒருத்தரும் சொல்லலையே?" ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சொல்லவேண்டிய இடம் ஒன்று சட்டத்தில் இருக்கிறது. 2006 செப்டம்பர் 14இல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்போகிறவர் முன் அனுமதி வாங்கவேண்டும். மழைநீர் எங்கே போகும், கழிவுநீர் எங்கே போகும், குடிநீர் எங்கிருந்து வரும், பக்கத்தில் ஏரியோ சதுப்போ உண்டா என்றெல்லாம் எழுதிக்கொடுக்கவேண்டும். ஆண்டவர் சொன்ன 'முதலில் உட்கார்வது' இதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சுண்ணாம்புக்கல் சுரங்கம் வருகிறது என்றால் ஷாமியானா போட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவார்கள். 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் சுருக்க அறிக்கை, கலெக்டரோ அவருக்காகக் கூடுதல் கலெக்டரோ தலைமை. முடிவில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். அப்படி ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் எழுந்து, "எங்க ஊர் ஓடை இந்தப் படத்துல எங்கே இருக்கு, கையை வெச்சுக் காட்டுங்க" என்றார். மேடையில் இருந்தவர்கள் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். ஓடை படத்தில் இல்லை. அந்தப் பெரியவர் பள்ளிக்கூடம் போனவரா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தப் பந்தலில் அறிக்கையை ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் ஆயிரம் வீடுகள் கொண்ட குடியிருப்பு வருகிறபோது அந்தப் பந்தல் கிடையாது. அதே 2006 அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் கருத்துக் கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. 1,50,000 சதுர மீட்டருக்கு உள்ளே என்றால் முழு அறிக்கைகூட வேண்டாம். படிவமும் திட்டக் குறிப்பும் போதும். ஒரு சுரங்கம் ஊரின் தண்ணீரை மாற்றும் என்றால், ஆயிரம் குடும்பம் குடியேறும் இடம் மாற்றாதா? எனக்கு இது இன்றுவரை விளங்கவில்லை.

கூப்பிடாத இடத்திலும் மக்கள் போய்க் கேட்கிறார்கள் என்பதற்குப் பள்ளிக்கரணை சாட்சி. தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரிநீர் அந்தச் சதுப்பில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. 2022இல் அதன் ஏறக்குறைய 1,248 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அறப்போர் இயக்கத்தினர் அனுமதிக் கோப்புகளில் இருந்த சர்வே எண்களை ராம்சர் வரைபடத்தோடு ஒப்பிட்டு, பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டம் அந்த எல்லைக்குள்ளேயே வருகிறது என்று வெளியிட்டார்கள். அது பட்டா நிலம், எல்லையைக் களத்தில் அளந்து முடிக்கும் பணி இன்னும் நடக்கிறது என்று அப்போது அரசுத் தரப்பு சொன்னது. மாத இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலை என்னுடையது அல்ல. காகிதத்தை எடுத்து வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களே, அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். அனுமதி கொடுப்பதற்கு முன்பே செய்திருக்கவேண்டிய வேலை அது.

இது சாமியாருக்கு எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் 183ஆம் பத்தியை எடுத்துப் பாருங்கள். திட்டம் எல்லாம் போட்டு முடித்த பிறகு ஒட்டவைக்கும் தாளாகச் சுற்றுச்சூழல் ஆய்வு இருக்கக்கூடாது, பணத்தின் அழுத்தமும் அரசியலின் அழுத்தமும் அதன்மேல் விழக்கூடாது, பேசும் மேசையில் அந்த ஊர் மக்களுக்குத் தனி இடம் வேண்டும் என்கிறார். ஒரு திருத்தந்தை இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருப்பதைப் பார்த்து எனக்கே வியப்பு. வானத்தைப் பார்த்து எழுதியவர் அல்ல, தரையைப் பார்த்து எழுதியவர்.

நாம் இருக்கும் ஊரைப் பாருங்கள். இராஜேந்திர சோழர் இங்கே தலைநகர் அமைத்தபோது, அரண்மனையோடு சேர்த்து சோழகங்கம் ஏரியையும் வெட்டினார். அவர் காலத்துச் செப்பேடு அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்கிறது. மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம்தான் மிச்சம். பொன்னேரி என்று நாம் கூப்பிடும் அந்த ஏரியின் கரை இன்னும் கிடக்கிறது. மன்னரிடம் கேள்வி கேட்கும் உரிமை அன்றைய குடிகளுக்கு எவ்வளவு இருந்ததோ, அது வேறு பேச்சு. நமக்கு இருக்கிறது. அனுமதிக் கோப்புகள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் உண்டு. அங்கே கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அனுமதி தவறு என்று பட்டால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தருவார்கள். நாள் தவறினால் கதவு மூடிவிடும்.

நம் பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் வீடு தேடுகிறார்கள். ஊரில் நாம் விற்கும் நிலம் அங்கே முன்பணமாகப் போகிறது. சென்ற மாதம் ஓர் இளம் தம்பதி வழவழப்பான விளம்பரப் புத்தகம் ஒன்றோடு பங்கு இல்லத்துக்கு வந்தார்கள், மந்திரிப்புக்கு நாள் கேட்க. அட்டையில் ஏரி, ஏரியில் நாரை, ஏரியைப் பார்த்தபடி பால்கனி. நன்றாகத்தான் இருந்தது. "சர்வே எண் என்ன, சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தின் நகல் இருக்கிறதா, மழைநீர் வடிகால் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "சாமி, நீங்க ரிஜிஸ்தர் ஆபீஸ்ல வேலை பாத்தீங்களா?" என்றாள். மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கட்டுநரிடம் கேட்டுவிட்டு வருவதாகப் போயிருக்கிறார்கள். பதில் வந்ததும் நாள் குறிப்போம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.